ஈயமா, பரம்பரை ரத்தமா?

கேள்வி: பேட்டரி ஆலையில் ப்ளேட்டுக்கு ஈயப் பசை பூசும் பிரிவில் 6 வருஷமாக இருக்கிறேன். இந்த முறை பரிசோதனையில் இசட்.பி.பி. (ஜிங்க் ப்ரோட்டோபோர்பிரின் என்ற ரத்தப் பரிசோதனை) 82, ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 16 மைக்ரோகிராம். “ஈயம் ஏறிடுச்சு, பேக்கிங்குக்குப் போ” என்கிறார் சூப்பர்வைசர். போனால் ஓவர்டைம் போச்சு. என் அக்காவுக்குப் பிரசவ சமயத்தில் தலசீமியா மைனர் (பரம்பரையாக வரும் லேசான ரத்தக் குறைபாடு) என்று கண்டுபிடித்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, டாக்டர்?
(பெயர் வேண்டாம், திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: இருக்கலாம் தம்பி. நானே இதில் சறுக்கியவன். ஆலை டாக்டராக இருந்தபோது, ஒரு பையனின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் மிளகுப்பொடி தூவினாற்போல் நீலப் புள்ளிகள். ‘ஈயம்தான்’ என்று எழுதி, இடம் மாற்றிவிட்டேன். பிற்பாடு அவனுக்குத் தலசீமியா மைனர் என்று தெரிந்தது. அதிலும் அதே புள்ளிகள் வரும். அவன் இழந்த ஓவர்டைமை நான் கொடுக்க முடியுமா?

இசட்.பி.பி. ஈயத்தை அளப்பதே இல்லை. சிவப்பணு வளரும்போது அதற்குள் ஹீம் (ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி) உருவாகும் கடைசிப் படியில் இரும்பு வந்து உட்கார வேண்டும். ஈயம் அதைத் தடுத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் இசட்.பி.பி. இரும்புச்சத்து குறைந்தாலும் இதே கதைதான். தலசீமியா மைனரிலும் ஓரளவு கூடலாம். அதனால்தான் அமெரிக்காவின் 1978 ஈய விதி, இசட்.பி.பி.யோடு ரத்த ஈயத்தையும் சேர்த்தே பார்க்கச் சொன்னது.

ஈயம் 16 என்றால், அது மட்டுமே இசட்.பி.பி.யை 82-க்குத் தூக்குவது வழக்கமில்லை. ஆனால் ஒரு சிக்கல்: சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். மூன்று மாதம் முன்பு ஈயம் எகிறி இப்போது இறங்கியிருந்தாலும் இசட்.பி.பி. உயரத்திலேயே நிற்கும். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

மைனர் மட்டுமே இவ்வளவு ஏற்றுமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான், இரும்பும் குறைந்திருக்கலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அதில் ஏ2 என்ற வகை எவ்வளவு என்று சொல்லும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையும் பாருங்கள். ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் மைனர்தான். ஃபெரிட்டின் தெரியாமல் இரும்பு மாத்திரை விழுங்காதீர்கள். ரத்த ஈயத்தையும் மறுபடி பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நரம்பிலிருந்துதான் எடுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தினால் தோலில் ஒட்டிய தூசியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மைனர் என்று வந்தாலும் அது கவசம் இல்லை. 16 என்பது ஈயம்தான். பரம்பரை அதைக் கொண்டுவரவில்லை. பசை பூசும் மேஜைப் பக்கத்திலேயே டீ குடிக்கிற ஆளா நீங்கள்?