சின்னப் படுக்கையறைக்கு அடர்நீலமா, கிரீமா?

ஒரே ஜன்னல் உள்ள சின்ன அறையின் சுவருக்கு இந்த இரண்டில் எந்த நிறம் அடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அறையில் எந்த நேரம் அதிகம் இருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான எண்ணால் குறிப்பார்கள்; எல்.ஆர்.வி. என்று பெயர். கிரீம் பெரும்பாலும் 70-க்கு மேல், அடர்நீலம் 10-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ. நீலம் நாலு சுவரிலும் இருந்தால் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். இரவில் கதை வேறு: 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் நீல ஒளி குறைவு. அதனால் அந்தச் சுவர் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும், கிரீமோ இன்னும் மஞ்சளடிக்கும்.

அப்புறம், பெயிண்டுக்கு முன் சுவரில் பூசும் பட்டியைச் சரியாகத் தேய்க்காத மேடுபள்ளம் எல்லாம் பளபளப்பான அடர்நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வாங்கினால் அது மறையும். ஆனால் நாற்காலி உரசினாலே வெளிறிய கோடு விழும்.

என் ஓட்டு: கட்டிலின் தலைமாட்டுச் சுவர் மட்டும் நீலம், மற்ற மூன்றும் கிரீம். அது ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் வேண்டாம். உள்ளே வரும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதே அந்தச் சுவர்தான். ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் இரவு விளக்கிலும் சுவரில் சாய்த்துப் பார்த்துவிட்டு வாளியை வாங்குங்கள்.