விடுமுறைக் காலத்தில் பிறந்தநாள் வந்தால் என்னென்ன குறைகள்?

நான் பிறந்தது ஏப்ரல் 14. கொழும்பில் யாரிடம் சொன்னாலும், "வருடப்பிறப்பிலா?" என்று முகம் மலர்ந்து கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு வாழ்த்த ஊரில் ஆள் இருக்காது.

வருடப்பிறப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கொழும்பு காலியாகத் தொடங்கிவிடும். கோட்டை ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்களில் டிக்கெட் எடுப்பது பெரும்பாடு. என் தோழிகளில் ஒருத்தி மட்டக்களப்புக்கு, ஒருத்தி ஹட்டனுக்கு, மற்றவர்கள் யாழ்ப்பாணத்துக்கு. நாங்கள் மட்டும் எங்கும் போவதில்லை. அப்பாவின் ஊர் வீடு போரில் இடிந்துபோனது. அங்கிருந்த சொந்தமெல்லாம் கனடாவில். 14ஆம் திகதி காலையில் பல்கனியில் நின்று பார்த்தால், பூட்டிய கடைகளும் வெறிச்சோடிய வீதியும்தான்.

பேக்கரிகளில் வேலை செய்கிறவர்களும் ஊருக்குப் போய்விடுவதால் கேக்கை 12ஆம் திகதியே வாங்கிவைக்க வேண்டும். வாங்கினாலும் அன்று வெட்ட முடியாது. வருடப்பிறப்பன்று வீட்டில் சைவம்; கேக்கில் முட்டை இருக்கிறது. தவிர, வருடம் பிறக்கும் நாளில் விளக்கை ஏற்றத்தான் வேண்டும், ஊதி அணைக்கக் கூடாது என்பார் அம்மம்மா. அவர் சொன்னதைப் பிழையென்று நான் இன்றும் நினைக்கவில்லை. மருத்துநீர் வைத்து முழுகி, பொங்கிப் படைத்து, வெற்றிலையில் வைத்துத் தரும் கைவிசேடத்தை வாங்கும்போது மனம் நிறைந்துதான் இருக்கும். கேக் 15ஆம் திகதி வெட்டப்படும், குளிர்சாதனப் பெட்டியில் இறுகிப்போய்.

வருடப்பிறப்புக்கும் பிறந்தநாளுக்கும் சேர்த்துப் புது உடுப்பும் ஒன்றுதான். வருடம் பிறக்கும் நேரத்துக்கு வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் வேறு நேரம் சொல்லும். சில ஆண்டுகளில் வருடம் 13ஆம் திகதி இரவே பிறந்துவிடும். அன்றே உடுத்திவிட்டால் என் பிறந்தநாளுக்கு அது உடுத்த உடுப்பு.

எனக்கு ஆறாத குறை பள்ளிக்கூடத்தில்தான். பிறந்தநாளன்று கலர் உடுப்போடு வந்து, டொபிப் பெட்டியை ஏந்தி வரிசை வரிசையாகக் கொடுத்துப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். என் நாள் எப்போதும் முதலாம் தவணை விடுமுறைக்குள் விழுந்தது. வகுப்பு முழுவதும் எழுந்து நின்று எனக்காகப் பாடியதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு இது சின்ன விடயம் அல்ல. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், விடுமுறையில் பிறந்த பிள்ளைகளுக்குத் தவணை முடிவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கிக் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனையில் எனக்கொரு தோழி, டிசம்பர் 26இல் பிறந்தவள். நத்தாரோடு சேர்த்து ஒரே பரிசு என்பதுதான் முன்பு அவளுடைய மனக்குறை. 2004இல் அதே நாளில் சுனாமி வந்து, இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. ஆண்டுதோறும் அன்று காலை 9.25க்கு நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறது. அந்த மௌனம் முடியும்வரை நான் அவளை அழைப்பதில்லை. அவளும் எதிர்பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் வழியைக் கண்டுபிடித்தவர் அம்மா. எனக்குத் திருவாதிரை நட்சத்திரம். திகதியை விட்டுவிட்டு, சித்திரை மாதத்தில் திருவாதிரை வரும் நாளை என் பிறந்தநாளாக எடுத்துக்கொண்டோம். அது ஆண்டுக்கு ஆண்டு நகரும். பெரும்பாலும் ஊருக்குப் போனவர்கள் திரும்பிய பிறகே வரும். காலையில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலில் என் பெயருக்கு அர்ச்சனை. மாலையில் தோழிகள் வருவார்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டியோடும் முறுக்கோடும். கேக் அன்று காலையில் செய்தது.