வெட்டினால் போகாது, தூரைத் தோண்டுங்கள்

கேள்வி: முதுகுளத்தூர் அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் கரிசல் இருக்கிறது. அப்பா காலமான பிறகு பயிர் வைக்கவில்லை, சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துக்கு இருமுறை வெட்டக் கொடுத்தோம். முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்துவிட்டது. இந்த மரம் மழையையே விரட்டிவிடும் என்கிறார்களே, உண்மையா? நிலத்தை மீட்க முடியுமா?
- வாசகி, மதுரை

பதில்: முடியும், சகோதரி. கமுதிக்காரன் என்ற உரிமையோடும் வேளாண் துறையில் இருந்த அனுபவத்தோடும் சொல்கிறேன்.

மழையை அது விரட்டாது. வடகிழக்குப் பருவமழையைத் தடுக்கும் வல்லமை எந்த முள்மரத்துக்கும் இல்லை. பெய்த மழை விட்டுச்செல்லும் ஈரத்தைத்தான் ஆழ வேர்விட்டு உறிஞ்சுகிறது. அடியில் புல்லையும் வளரவிடுவதில்லை. வானம் பார்த்த பூமிக்கு அந்தக் கேடே பெரிது.

கரிமூட்டக்காரர்கள் தரையை ஒட்டி வெட்டுவார்கள். மறுபடி தழைத்தால்தான் அவர்களுக்கு அடுத்த விறகு. அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூரில் மண்ணுக்குள் இருக்கும் மொட்டுகளிலிருந்துதான் புதுக்கிளைகள் வெடிக்கின்றன. ஓர் அடி ஆழம் தோண்டித் தூரோடு எடுத்தால்தான் மரம் சாகும்.

நான்கு ஏக்கரையும் ஒரே கோடையில் அழிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இந்தப் பருவத்தில் விதைக்க முடிந்த அளவுக்கு மட்டும் தோண்டுங்கள். பெரும் செலவில் சுத்தம் செய்துவிட்டுத் தரிசாகப் போட்ட நிலங்கள் மறுபடி முள்ளாகிப்போனதைப் பார்த்து நொந்திருக்கிறேன். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஆண்டுதோறும் உழவு விழுந்தால்தான் முளைக்கும் கன்றுகள் அழியும். வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலை அடித்து, புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாகக் குதிரைவாலி போடுங்கள். மண் தேறியதும் முண்டு மிளகாய்க்குப் போகலாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அக்கம்பக்கத்து ஆடு மாடுகள் கருவேலங்காயைத் தின்று, சாணத்தோடு விதையை உங்கள் நிலத்தில் போடும். கென்யாவின் பரிங்கோ பகுதியிலும் இதே மரம்தான் தொல்லை. அங்கே காயை விதையோடு மாவாக அரைத்துத் தீவனமாக்குகிறார்கள், விதை செத்துப்போகிறது. நம்மூரிலும் செய்யலாம்.

ஒன்று மட்டும் கவனம். நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடாதீர்கள். அதன் பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிர். தூர் தோண்ட எந்திரம் வரும் நாளில் நீங்களே நேரில் நின்று, விடவேண்டிய மரங்களில் சுண்ணாம்பு பூசிக் காட்டுங்கள்.