கலங்கிய கிணற்று நீர் துணியில் தெளியாதது ஏன்?

மழை தொடங்கியதும் தம் வீட்டுக் கிணற்று நீர் செம்மண் நிறத்தில் கலங்கிவிடுவதாகவும், பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினால் மணல் நிற்கிறதே தவிர நிறம் போவதில்லை என்றும் எழுதியிருக்கும் வாசகர், இன்னும் நெருக்கமான துணி வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். உங்கள் வேட்டி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. பழகிய பருத்தித் துணியைப் பல மடிப்பாக மடித்தால் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் தங்கும். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், சேலைத் துணியை மடித்து வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அக்கிருமி ஒட்டியிருக்கும் நுண்ணிய மிதவை உயிரிகள் துணியில் சிக்கியதே அதற்குக் காரணம். ஆனால் நீருக்குச் செந்நிறம் தரும் களித்துகள்கள் 0.002 மில்லிமீட்டரைவிடவும் சிறியவை. எவ்வளவு நெருக்கமாக நெய்த துணியானாலும் அவற்றுக்கு அது திறந்த வாசல்தான்.

அசையாமல் வைத்துத் தெளியவிடலாமே என்று தோன்றலாம். துகளின் விட்டம் பாதியானால் அது நீரில் இறங்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதுதான் இங்கே தடை. 0.1 மில்லிமீட்டர் மணல் ஓர் அடி ஆழத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடும், 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு அதே தூரம் ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். அதிலும் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்குக் கணக்குப்படி மூன்று மாதம் ஆகும். மேலும், களித்துகள்களின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. தாமாகச் சேர்ந்து பெரிதாவதில்லை.

ஆகவே சல்லடையைச் சிறிதாக்க முயல்வதைவிடத் துகளைப் பெரிதாக்குவதே வழி. படிகாரம் அதைத்தான் செய்கிறது. நீரில் கரைந்ததும் அதிலுள்ள அலுமினியம் துகள்களின் மின்னூட்டத்தைத் தணித்து, பஞ்சுத் துணுக்குகள் போன்ற திரள்களாக அவற்றைக் கோத்துக் கீழே இறக்கிவிடும். படிகாரக் கட்டியைக் கையில் பிடித்து நீரில் சுழற்றும் வழக்கத்தில் எவ்வளவு கரைந்தது என்பது தெரியாது. மிகுந்தால் நீர் துவர்க்கும், அமிலத்தன்மையும் ஏறும். பத்து கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் நீர் நிறைந்த நான்கு ஒரு லிட்டர் புட்டிகளில் அக்கரைசலை முறையே 2, 4, 6, 8 மில்லிலிட்டர் விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மிக மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். நன்கு தெளிந்த புட்டிகளுள் எதில் குறைந்த அளவு விட்டீர்களோ அதுவே உங்கள் கிணற்றுக்கு அன்றைய அளவு. இருபது லிட்டர் குடத்துக்கு அதை இருபதால் பெருக்கிக்கொள்ளலாம். மெதுவாகக் கலக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திரள்கள் வளர்வது அப்போதுதான்.

தேற்றான்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளிவிப்பதும், முருங்கை விதைப் பொடியைக் கரைத்து ஊற்றுவதும் பயனுள்ள முறைகளே; ஆயினும் விதையின் சத்து நீரில் எஞ்சி அதைக் கெடுக்கும் என்பதால் அந்நீரை ஒரே நாளில் பயன்படுத்திவிட வேண்டும்.

தெளிந்த நீரை இறுத்தெடுக்கும்போது குடத்தைச் சாய்த்தால் வண்டல் கிளம்பிவிடும். அடியிலிருந்து மூன்று விரற்கடை உயரத்தில் குழாய் வைத்த பாத்திரமோ, மேலிருந்து நீரை இழுக்கும் ரப்பர் குழாயோ போதும். இறுத்த நீரை உங்கள் வேட்டியில் வடிகட்டுங்கள். இப்போது திரள்கள் அதில் தங்கும்.

நீர் தெளிந்துவிட்டது என்பதற்காக அது குடிக்கத் தக்கது ஆகிவிடாது. கிருமிகளில் ஒரு பகுதி வண்டலோடு இறங்கினாலும் எஞ்சியவை நோய் தரப் போதுமானவை. தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிய பிறகே குடியுங்கள். குளோரின் இடுவதாக இருந்தாலும் தெளிவித்த பிறகே இட வேண்டும். கலங்கலில் இட்டால் அதில் பெரும்பகுதி அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். கரைந்திருக்கும் உப்பு இம்முறைகள் எதிலும் பிரியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மழை பெய்ததும் கிணறு கலங்குவது, தெருவிலும் தோட்டத்திலும் ஓடும் நீர் நேராக உள்ளே இறங்குகிறது என்பதற்கான வலுவான அறிகுறி. கால்நடைச் சாணமும் கழிவுநீரும் அதே வழியில்தான் வரும். மழை ஓய்ந்ததும் கைப்பிடிச் சுவரை உயர்த்தி, உறைகளின் இடைவெளிகளைப் பூசி, கிணற்றைச் சுற்றி வெளிப்புறம் சரிந்த சிமெண்டுத் தளம் ஒன்று போட்டுவிடுங்கள்.