லைவ் ராக்கோடு வந்த அனிமோன், புழு: எதைக் கொல்வது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: மூன்றடி கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு கொத்து ஸோவாந்தஸ் என்ற மென்பவளம், ஒரு மஷ்ரூம் பவளம் இருக்கின்றன. லைவ் ராக்கில், அதாவது கடலுயிர்கள் ஒட்டியபடியே வாங்கிய கல்லில், பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டி அனிமோன்கள் (பூப்போலக் கைகளை விரிக்கும் கடலுயிர்) முளைத்துவிட்டன. இரவில் டார்ச் அடித்தால் கல் இடுக்கில் மயிர்மயிராகப் புழுக்கள். கண்ணாடியில் வெள்ளைப் பொடி மாதிரி ஏதோ ஓடுகிறது. கடைக்காரர் செம்பு மருந்து ஊற்றச் சொல்கிறார். கல்லையெல்லாம் எடுத்து வெந்நீரில் கொதிக்க வைத்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஸோவாந்தஸிலும் அதன் உறவான பாலிதோவாவிலும் சில வகைகளுக்குப் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கல்லைத் தேய்ப்பதானால்கூட கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். செம்பு மீன் நோய்க்கான மருந்து, அதுவும் தனித் தொட்டியில் போட வேண்டியது. பவளம், இறால், நத்தை எதுவும் அதைத் தாங்காது. கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியவிடும்.

கண்ணாடியில் ஓடுவது கோப்பிபாட், ஆம்ஃபிபாட் போன்ற நுண்ணிய உயிர்கள். மீனுக்கு இலவசத் தீனி, விட்டுவிடுங்கள். மணல்மேல் பழுப்புத் தூசி படிந்தால் அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வரும், சில வாரங்களில் தானாகவே போகும்.

புழுக்கள் பெரும்பாலும் சாதாரண பிரிஸ்டில் வார்ம். மீன் தின்னாமல் விட்ட தீனியையும் செத்ததையும் தின்று சுத்தம் செய்யும். இளஞ்சிவப்பு உடலும் பக்கங்களில் வெள்ளை முட்களும் இருக்கும். பவளத்தைத் தின்னும் ஃபயர் வார்ம் வேறு. தடித்த உடல், இருபுறமும் சிவப்புச் செவுள் கொத்துகள், தலையில் மடிப்பு மடிப்பாக ஒரு சதை. அதைப் பார்த்தால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். எந்தப் புழுவையும் வெறும் கையால் தொட வேண்டாம். முள் ஏறிவிட்டால் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி உரியுங்கள். ஒன்று சொல்கிறேன், புழு பெருகுகிறது என்றால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள்.

உங்கள் உண்மையான பிரச்சினை அந்தப் பழுப்பு அனிமோன்தான். பெயர் ஐப்டேசியா. மெல்லிய தண்டு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நீண்ட கைகள். பக்கத்தில் நிழல் பட்டாலே ஓட்டைக்குள் சுருங்கிவிடும். பக்கத்துப் பவளத்தைக் கொட்டிப் பின்னுக்குத் தள்ளும். கத்தியால் சுரண்டுவதும் நசுக்குவதும்தான் பலர் முதலில் செய்வது. அது தவறு: அடிப்பாகத்தின் ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தாலும் அதிலிருந்து புதிதாக ஒன்று முளைக்கும்.

ஏழெட்டுதான் இருக்கிறது என்றால் சுண்ணாம்பே போதும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு அல்ல, மீன் தொட்டிக்கென்று கிடைக்கும் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு. கொஞ்சம் ஆர்.ஓ. நீரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சில் ஏற்றுங்கள். பம்பு, வேவ்மேக்கர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஊசியைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கொண்டுபோய், கைகள் விரிந்திருக்கும்போதே வாயின்மேல் ஒரு சொட்டு வையுங்கள். சுண்ணாம்பையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு உள்ளே சுருங்கும். அப்போது ஓட்டையை மேலும் கொஞ்சம் பசையால் மூடிவிடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். ஒரே நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், நீரின் காரத்தன்மை (பி.எச்.) சட்டென ஏறும். பசை பவளத்தின்மேல் விழுந்தால் அதுவும் வெந்துபோகும். கடையில் விற்கும் ஐப்டேசியா மருந்துகளையும் இதேபோலத்தான் வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், ஒன்றிரண்டு திரும்ப வந்திருக்கும். மறுபடி வையுங்கள்.

நிறைய இருந்தால் பெப்பர்மின்ட் இறால் நல்ல துணை. ஆனால் எல்லா இறாலும் தின்னும் என்று சொல்ல முடியாது, பெரிய ஐப்டேசியாவைப் பலவும் தொடாது. வாங்கும்போது கவனம்: கூனல் முதுகும், பெரிய கண்ணும், வெள்ளைக் கோடும் புள்ளியுமாக இருப்பது கேமல் இறால். அது உங்கள் ஸோவாந்தஸையே தின்றுவிடும். பெப்பர்மின்ட் கிட்டத்தட்டக் கண்ணாடி உடல். அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். பெர்கியா என்ற குட்டிக் கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது, ஆகவே எனக்குப் பிடித்தது அதுதான். விலை அதிகம், மெதுவாகத்தான் வேலை செய்யும், ஐப்டேசியா தீர்ந்தால் பட்டினியில் சாகும். இறாலோடு சேர்த்து விடாதீர்கள், இறால் அதைத் தின்றுவிடும். பட்டர்ஃப்ளை மீனை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். மூன்றடித் தொட்டி அதற்குப் போதாது.

கொல்வதோடு சேர்த்துத் தீனியையும் குறையுங்கள். மைசிஸ் என்ற குட்டி இறால் தீனியை உறைந்த கட்டியாகப் போடாமல் கரைத்து, அந்த நீரை வடிகட்டிக் கொட்டிவிட்டுப் போடுங்கள். தண்ணீரில் கலந்து திரியும் அந்தத் துகள்களிலும் ஐப்டேசியா கொழுக்கும்.

இனி வாங்கும் பவளத்தைக் கடைக்காரர் ஒட்டித் தந்த பிளக்கோடு (சிறு அடிக்கட்டை) தொட்டியில் இறக்காதீர்கள். முடிந்தால் பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, பவளத்தைப் பூச்சிகளைக் கொல்லும் டிப் கரைசலில் முக்கி, தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பாருங்கள். டிப்பில் முட்டைகள் சாகாது, அதனால்தான் இந்தக் காத்திருப்பு. அப்புறம், இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: கல் மலிவாகக் கிடைக்கும் என்று மன்னார் வளைகுடாப் பக்கம் கைவைக்க வேண்டாம். கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. காய்ந்த வெறும் கல்லில் தொட்டியைத் தொடங்கினால் அந்தச் சிக்கலும் இல்லை, ஐப்டேசியாவும் கல்லோடு வராது. பாக்டீரியா நிலைகொள்ளக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.