மனித குல முன்னேற்றம் உண்மையா? அது இனியும் தொடருமா?

உண்மைதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1990-ல் உலகம் முழுக்க ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2022-ல் அது 50 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, அதுவும் மக்கள்தொகை இவ்வளவு ஏறிய பிறகு. இதைப் பார்த்த பிறகும் முன்னேற்றம் என்பதே மாயை என்று பேசுபவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தொடருமா என்று கேட்டால், அங்கேதான் தயங்குகிறேன். ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அது கைவிட்டுப் போகாது என்று பலரும் நம்புகிறார்கள். போகும். ஸ்கர்வி நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட கடல் பயணத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், எப்போதோ ஆறிய தழும்புகூட மறுபடி பிளந்துகொள்ளும், கடைசியில் உயிரே போகும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் மளமளவென்று தேறினார்கள். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி கொடுக்க ஆரம்பித்தது 1795-ல் (இந்தத் தாமதமே ஒரு கொடுமை), அப்புறம் நோய் கிட்டத்தட்ட ஒழிந்தது.

சரி, கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1860-களில் மேற்கிந்தியத் தீவுகளில் விளையும் லைம் என்ற வேறு வகை எலுமிச்சைக்கு மாறினார்கள். அதில் சத்து குறைவு, சாறு செப்புக் குழாயில் ஓடும்போது இருந்த கொஞ்சமும் கெட்டது. நீராவிக் கப்பல் வந்து பயணங்கள் சுருங்கிவிட்டதால் யாரும் இதைக் கவனிக்கவே இல்லை. 1875-ல் ஆர்க்டிக் கிளம்பிய குழுவை ஸ்கர்வி பிடித்தபோது, பழச்சாறு மேலேயே சந்தேகம் வந்து, கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்ற எண்ணம் பரவியது. 1902-ல் அண்டார்டிகாவில் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் ஆட்களுக்கும் அதே நோய். எது குணப்படுத்தும் என்று தெரிந்திருந்தது, ஏன் என்று தெரியவில்லை, அதனால் கையில் இருந்த மருந்தே நழுவியது. ஸ்கர்வியைத் தடுப்பது பழத்தில் இருக்கும் வைட்டமின் சி என்று கண்டறிந்து உறுதி செய்தது 1930-களில்தான்.

இன்று பெரும்பாலான விஷயங்களில் அந்த 'ஏன்' நமக்குத் தெரியும், ஆகவே தொடரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தட்டம்மை பரவாமல் இருக்கச் சுமார் 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும், குழந்தைகள் பிறந்துகொண்டே இருப்பதால் தடுப்பூசி போடும் வேலை முடிவதே இல்லை, அந்த நோயைக் கண்ணால் பார்த்திராத பெற்றோருக்கோ ஊசி அநாவசியமாகத் தெரிகிறது. எனக்குப் பயம் தருவது இதுதான்.