பயந்து ஓடினாரா ஹோ யிஃபான்?

கேள்வி: சீனாவின் ஹோ யிஃபான் நான்கு முறை பெண்கள் உலக செஸ் சாம்பியன் ஆனவர். தோற்றுவிடுவோம் என்ற பயத்தில்தானே பட்டத்தை உதறிவிட்டு வாத்தியார் வேலைக்குப் போனார்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: யாரைப் பார்த்துப் பயம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2011-ல் டிரானாவில் நம் கொனேரு ஹம்பி, 2013-ல் தைசோவில் உக்ரைனின் அன்னா உஷெனினா, 2016-ல் லிவிவில் மரியா முசிச்சுக். பட்டத்துக்காக நேருக்கு நேர் மோதிய இந்த மூன்று தொடர்களிலும் சேர்த்து 24 ஆட்டங்கள். 10 வெற்றி, 14 டிரா. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஹம்பி ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. அவராலேயே எட்டு ஆட்டங்களில் ஒன்றைப் பறிக்க முடியவில்லை.

அப்புறம் ஏன் விலகினார்? பட்டம் கைமாறிய விதம் அப்படி. ஒரு வருஷம் நேரடி மோதல் என்றால், இன்னொரு வருஷம் 64 பேர் ஆடும் நாக்-அவுட். நடப்பு சாம்பியனும் முதல் சுற்றிலிருந்தே ஆட வேண்டும். சுற்றுக்கு இரண்டே ஆட்டம், சமன் என்றால் வேக ஆட்டம். ஒரு நாள் சறுக்கினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 16 வயதில் இவர் முதல்முறை பட்டம் வென்றதும் இதே நாக்-அவுட்டில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் இரண்டாம் சுற்றிலேயே மோனிகா சோச்கோவிடம் தோற்றார். பட்டம் உஷெனினாவுக்குப் போனது. மறு வருஷம் பத்து ஆட்டத் தொடரில் அதே உஷெனினாவை ஏழே ஆட்டங்களில் முடித்துவிட்டார். 2015 நாக்-அவுட்டுக்குப் போகவில்லை, பட்டம் முசிச்சுக்குக்கு. அதையும் மறு வருஷமே திரும்ப வாங்கினார். வாங்கிய கையோடு, 2016-லேயே, இனி இந்தச் சுழற்சிக்கு வரப்போவதில்லை என்று அறிவித்தார். 2019-ல் சர்வதேச செஸ் சம்மேளனம், சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியைப் பெண்களுக்கும் கொண்டுவந்தபோது, அவர் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் குறையே இல்லையா? உண்டு. 2017 ஜிப்ரால்டர் போட்டியில் பத்துச் சுற்றில் ஏழு முறை பெண்களோடே ஆட நேர்ந்ததைக் கண்டித்து, கடைசிச் சுற்றில் வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று காய் நகர்த்தி ஐந்தே நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த நம் லலித் பாபு என்ன பாவம் செய்தார்? ஜோடி சேர்த்தது கணினி. கோபத்தைக் காட்ட அது இடமே இல்லை.

ஆனால் அதே வருஷம் பீல் நகரில், பத்துப் பேரில் தான் மட்டுமே பெண்ணாக, பொனமரியோவ், லேக்கோ, பக்ரோ போன்ற பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய தொடரில் ஒன்பதுக்கு ஆறரைப் புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தார். பயந்தவர் ஆட்டமா அது?

வாத்தியார் வேலை என்று இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். 2020-ல் ஷென்ஜென் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியபோது அவருக்கு வயது 26. 2686 வரை போன ரேட்டிங் (ஆட்டத் திறனை அளக்கும் புள்ளி) அதற்கு மேல் ஏறவில்லையே என்று கேட்டிருந்தால் நானும் சேர்ந்து வருத்தப்பட்டிருப்பேன். முழுநேரமும் செஸ்ஸே கதி என்று இருந்திருந்தால் 2700-ஐத் தாண்டியிருப்பார் என்பது என் எண்ணம். அந்தக் கோட்டைத் தாண்டிய ஒரே பெண் ஹங்கேரியின் ஜூடிட் போல்கர். அவர் பெண்கள் உலகப் பட்டத்துக்கு ஒருமுறைகூட ஆடியதில்லை. அவருக்குப் பயமா என்று கேட்டு இதுவரை எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை.